கொழும்புச் சந்தையில் சார்ட் பார்த்துக் குறுகிய காலத்துக்கு வாங்குவது: ஹட்டனில் இருந்து ஓர் அனுபவம்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் கணக்கு வேலை பார்க்கிறேன். வேலை முடிந்த பிறகு கொழும்புப் பங்குச் சந்தையின் சார்ட்டுகளை, அதாவது பங்குகளின் விலை வரைபடங்களை, பார்ப்பது பல வருடப் பழக்கம். ஒரு பங்கை வாங்கி இரண்டு மூன்று வாரமோ, இரண்டு மாதமோ வைத்திருந்து விற்பேன். இது தெரிந்த சொந்தக்காரர்களும் கூட்டாளிகளும் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்தப் பங்கு ஏறுமா?" சார்ட்டுக்குள் அதற்கு நேரடியாகப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். யூடியூபில் தமிழில் கிடைக்கிற பாடங்களும் அந்த நினைப்பைத்தான் வளர்க்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நிஃப்டி, பேங்க் நிஃப்டி என்ற இந்தியச் சந்தைச் சுட்டெண்களை வைத்துச் சொல்லிக்கொடுப்பவை. அங்கே கைமாறும் அளவு வேறு, செலவு வேறு. அந்தப் பாடத்தை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவந்தால் பாடம் சரியாக இருக்கும், காசு மட்டும் குறையும். நம் சந்தையில் சார்ட்டைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலாவது செலவு, இரண்டாவது நடமாட்டம், அதாவது பங்கு எவ்வளவு கைமாறுகிறது என்பது.

செலவை முதலில் சொல்கிறேன். புரோக்கர் கமிஷன், சந்தைக்கும் சீடிஎஸ்ஸுக்கும் (நம் பங்குகளைக் கணக்கில் வைத்திருக்கும் மத்திய வைப்பகம்) போகும் கட்டணம், பங்குகள் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்குப் போகும் தொகை, அரசாங்கத்தின் பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்த்து, 10 கோடி ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்கு 1.12 சதவீதம். இதில் புரோக்கருக்கு 0.64, அரசாங்க வரி 0.30. வாங்கும்போது ஒருமுறை, விற்கும்போது இன்னொருமுறை. ஆக உள்ளே போய் வெளியே வருவதற்கே 2.24 சதவீதம் போய்விடுகிறது. ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கி அதே விலைக்கு விற்றால் 2,240 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கும்.

விலை குறைந்த பங்குகளில் இது இன்னும் கடுமை. நம் சந்தையில் அப்படிப்பட்ட பங்குகளின் விலை பத்துச் சதம் பத்துச் சதமாகத்தான் நகரும். ஆறு ரூபாய்ப் பங்கொன்றை எடுத்துக்கொள்வோம். கட்டணத்தோடு வாங்கின விலை 6.07 ஆகிறது. ஒரு படி ஏறி 6.10 ஆனதும் விற்றால் கட்டணம் போகக் கையில் வருவது 6.03. விலை ஏறியும் நட்டம். இரண்டு படி ஏறி 6.20 ஆனால் 6.13 வரும், ஒரு சதவீதம் போல லாபம். இதோடு வாங்குபவர் கேட்கிற விலைக்கும் விற்பவர் சொல்கிற விலைக்கும் இடையிலேயே எப்போதும் ஒரு படி இடைவெளி இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "நாளைக்கு இரண்டு சதவீதம் ஏறும்" என்று ஒருவர் மிகச் சரியாகக் கணித்தாலும் கொழும்பில் அந்தக் கணிப்புக்குப் பண மதிப்பு இல்லை. ஆகவே, வாங்கும் விலைக்கும் மேலே தெரிகிற தடை விலைக்கும் (முன்பு ஏறி வந்து திரும்பிய விலை) நடுவில் குறைந்தது எட்டு, பத்து சதவீத இடம் இல்லாவிட்டால் சார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதைத் தொடுவதில்லை. அன்றே வாங்கி அன்றே விற்கும் நாள் வர்த்தகத்தை ஒதுக்கிவிட்டு வாரக் கணக்கில் பார்ப்பதற்கும் இதுதான் காரணம். சந்தை பிற்பகல் 2.30க்கு மூடுகிறது. அதுவரை ஆபீஸ் வேலையில் இருக்கிறவனுக்கு மாலையில் நாள் சார்ட்டைப் பார்ப்பதே வசதி. அதில் ஒன்றும் குறைந்துபோவதில்லை. ஐந்து நிமிட சார்ட்டைத் திறந்தால் நம் பங்குகளில் பாதிக்கு மேல் வெறும் புள்ளிகளாகத்தான் இருக்கும்.

அடுத்தது நடமாட்டம். கேண்டில் சார்ட் முறையை 18ஆம் நூற்றாண்டு ஜப்பானில், சகாட்டா அரிசி வணிகர் முனேஹிசா ஹொம்மாவின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். நிறையப் பேர் விலை பேசி இழுபறிப்பட்ட இடத்தில் பிறந்த முறை அது. ஒரு கேண்டிலின் உடல் அன்றைக்குத் திறந்த, மூடிய விலைகளையும், மேல் கீழ் வால்கள் அன்றைய ஆகக் கூடிய, ஆகக் குறைந்த விலைகளையும் காட்டும்; இரண்டும் சேர்ந்து அந்த இழுபறியைத்தான் காட்டுகின்றன. இழுபறியே நடக்காத பங்கில் அந்த உருவங்களுக்கு அர்த்தம் கிடையாது. புத்தகத்தில் டோஜி என்று ஒரு கேண்டில் வரும். திறந்த விலையும் மூடிய விலையும் ஒன்றாக இருக்கும், வாங்குபவரும் விற்பவரும் சமபலத்தில் நிற்கிறார்கள், திருப்பம் வரலாம் என்று விளக்கம் எழுதியிருப்பார்கள். நம் சந்தையில் நான் பார்க்கிற டோஜிகளில் நிறைய, அன்றைக்கு ஒரே ஒரு கைமாற்றம் நடந்ததால் வந்தவை. ஹட்டன் டவுனில் ஞாயிற்றுக்கிழமை ஒரேயொருவர் லீக்ஸுக்குக் கேட்ட விலையை வைத்து நாளைய லீக்ஸ் விலையைச் சொல்ல முடியாது, இதுவும் அப்படித்தான்.

ஆகவே சார்ட்டுக்கு முன்னால் கடந்த ஒரு மாதத்தில் அந்தப் பங்கு தினமும் எவ்வளவு ரூபாய்க்குக் கைமாறியிருக்கிறது, எத்தனை தடவை கைமாறியிருக்கிறது, ஒன்றுமே நடக்காத நாட்கள் இருந்தனவா என்று பார்க்கிறேன். நான் வாங்கப்போகும் தொகை ஒரு சாதாரண நாளின் கைமாற்றத்தில் ஒரு சிறு துண்டாக இருந்தால் மட்டுமே மேலே போவேன். வாங்குவது எப்போதும் எளிது. எல்லோரும் விற்கிற நாளில் நம்மிடம் வாங்க ஆள் இருக்குமா என்பதுதான் கேள்வி. சில வங்கிகளுக்கு வாக்குரிமை உள்ள பங்கு, வாக்குரிமை இல்லாத பங்கு என்று இரண்டு இருக்கும். பின்னதின் விலை குறைவு, டிவிடெண்ட் (லாபப் பங்கீடு) கணக்கில் நல்லது. ஆனால் குறுகிய காலத்துக்கு என்றால் எது அதிகம் கைமாறுகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையைக் காட்டும் வால்யூம் தூண் உயர்ந்திருப்பதைக் கண்டதும் சந்தோஷப்படவும் கூடாது. கொழும்பில் கிராஸிங் என்ற வழக்கம் உண்டு. பெரிய முதலீட்டாளர் இருவர் ஏற்கெனவே பேசி முடித்த தொகையை மொத்தமாக மாற்றிக்கொள்வார்கள். சார்ட்டில் அது ஒரு மாபெரும் தூணாக நிற்கும். கூட்டம் வந்து வாங்கியது போலத் தெரியும், உண்மையில் இரண்டே கைகள். சந்தையின் அன்றைய அறிக்கையில் கிராஸிங்குகளைத் தனியாகப் போடுவார்கள். தூண் திடீரென்று உயர்ந்த நாளில் அந்த அறிக்கையைப் பார்க்காமல் நான் முடிவெடுப்பதில்லை.

மலையகத்து ஆட்களுக்குத் தோட்டக் கம்பனிகளின் பங்குகள் மேல் ஒரு ஈர்ப்பு இருக்கிறது. தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனை என்று நாம் பிறந்து வளர்ந்த ஊர்களின் பெயர்கள் பங்குப் பட்டியலில் இருக்கின்றன. பார்த்ததும் நமக்குத் தெரிந்த விஷயம் என்ற நம்பிக்கை வருகிறது. ஆனால் இவற்றில் பெரும்பகுதிப் பங்கு தாய்க் கம்பனிகளின் கையில் இருக்கிறது, வெளியில் சுற்றுவது கொஞ்சம். கொஞ்சம் பேர் வாங்கினாலே ஏறும், கொஞ்சம் பேர் விற்றாலே இறங்கும். டிம்புள்ள பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையும் ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரையும் தரமான தேயிலைக் காலம் என்பது நமக்குத் தெரியும். அந்த அறிவு காலாண்டு அறிக்கையைப் படிக்க உதவும். அடுத்த மூன்று வாரத்து விலையைச் சொல்ல உதவாது.

சம்பளப் பேச்சு நடக்கிற காலத்தில் இந்தப் பங்குகளின் சார்ட்டை நான் திறப்பதே இல்லை. 2024இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் 1,700 ரூபாய் நாட்சம்பளத்துக்கு வர்த்தமானி வந்தது, கொட்டகலை மே தினக் கூட்டத்தில் அறிவிப்பும் வந்தது. கம்பனிகள் எதிர்த்தன, விஷயம் நீதிமன்றம் வரை போனது, கடைசியில் செப்டம்பரில் 1,350 என்று முடிந்தது. அந்த மாதங்களில் எந்த ஆதரவு விலை (இறங்கி வந்து திரும்புகிற விலை), எந்தத் தடை விலை வேலை செய்யும்? கடந்த நாட்களின் சராசரி விலையைக் காட்டும் மூவிங் ஆவரேஜுக்கு வர்த்தமானி படிக்கத் தெரியாது. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் வேலை செய்கிற கம்பனியின் பங்கை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, அதைப்பற்றி யாருக்கும் யோசனை சொல்வதும் இல்லை. வெளியில் வராத உள்தகவலை வைத்து வர்த்தகம் செய்வது பங்குகள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் 2021ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டத்தில் குற்றம். தோட்ட ஆபீஸ்களில் இருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமல் இருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

சரி, செலவு, நடமாட்டம் இரண்டையும் தாண்டிய பங்குகள் சுமாராக முப்பது நாற்பதுதான் தேறும். இனி சார்ட்.

முதலில் வார சார்ட்டைத் திறப்பேன். போக்கு மேலா, கீழா, படுக்கையா என்பதை அதில் பார்த்துவிட்டு நாள் சார்ட்டுக்கு வருவேன். வார சார்ட்டில் கீழே போகிற பங்கை நாள் சார்ட்டில் தெரிகிற சின்னத் துள்ளலை நம்பி வாங்குவதில்லை. நாள் சார்ட்டில் 20 நாள் ஆவரேஜ், வால்யூம், விலை முன்பு நின்று திரும்பிய மட்டங்கள், ஆர்எஸ்ஐ, இவ்வளவுதான். முன்பு இரண்டு மூன்று தடவை விலை இறங்கி அங்கிருந்து திரும்பியிருந்தால் அது ஆதரவு. ஒரு கோடாக வரையாமல் ஒரு பட்டையாக வரையுங்கள், பத்துச் சதம் இருபது சதம் மேலே கீழே போய்த்தான் திரும்பும். முழு ரூபாய் எண்களையும் கவனியுங்கள். 10, 20, 50 என்ற விலைகளில் விற்கும் ஆர்டர்கள் குவிந்து கிடக்கும். என் இலக்கு 20 என்றால் ஆர்டரை 19.80இல் போட்டுவிடுவேன்.

ஆர்எஸ்ஐயை வெல்ஸ் வைல்டர் 1978இல் அறிமுகப்படுத்தினார். கடந்த 14 நாட்களில் ஏறிய நாட்களின் சராசரி ஏற்றத்தையும் இறங்கிய நாட்களின் சராசரி இறக்கத்தையும் ஒப்பிட்டு 0 முதல் 100 வரை ஓர் எண் தரும். 70க்கு மேல் போனால் அதிகம் வாங்கிவிட்டார்கள், விற்கலாம். 30க்குக் கீழே வந்தால் அதிகம் விற்றுவிட்டார்கள், வாங்கலாம் என்று பாடம் சொல்லும். இந்தப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் சந்தையில் இரண்டு பக்கமும் அடி விழும். 2021இல் எக்ஸ்போலங்கா போன பாய்ச்சலை நினைத்துப் பாருங்கள். 2020இல் சில ரூபாயில் கிடந்த பங்கு 2022 தொடக்கத்தில் முந்நூறைத் தாண்டி நின்றது. அப்படிப்பட்ட ஏற்றத்தில் ஆர்எஸ்ஐ 70ஐத் தொட்டதும் விற்றவர் ஆரம்பத்திலேயே இறங்கியிருப்பார். விழும் சந்தையில் 30க்குக் கீழே வாங்கியவரின் கதை இன்னும் மோசம். 2022 ஜனவரியில் 13,000க்கு மேல் இருந்த, சந்தை முழுவதற்குமான சுட்டெண்ணான ஏஎஸ்பிஐ ஏப்ரல் முடிவதற்குள் 8,000க்குக் கீழே வந்துவிட்டது. வழி நெடுக "அதிகம் விற்றுவிட்டார்கள்" என்ற சைகை வந்துகொண்டே இருந்தது. நான் ஆர்எஸ்ஐயைப் பயன்படுத்துவது ஒரே விதத்தில்: வார சார்ட்டில் ஏறுமுகத்தில் இருக்கும் பங்கு, நாள் சார்ட்டில் மூச்சு வாங்க இறங்கி, ஆர்எஸ்ஐ 40க்கும் 50க்கும் நடுவில் நின்று, குறைந்த வால்யூமில் ஆதரவுப் பட்டையைத் தொட்டுத் திரும்பினால், அது எனக்கு வாங்கும் இடம். அப்புறம், 14 நாள் என்பது வர்த்தக நாள். போயா, சித்திரைப் புதுவருஷம், பெரிய வெள்ளி எல்லாம் வரும் ஏப்ரலில் அது கிட்டத்தட்ட ஒரு மாதத்துப் பழைய விலைகளைக்கூட உள்ளே வைத்திருக்கும்.

சார்ட் எந்த இடத்தில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் 2024 இறுதியில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. இருநூறு ரூபாய் அளவில் இருந்த விலை இருபதுக்கு வந்தது. பிரிப்புக்கு ஏற்பப் பழைய விலைகளைத் திருத்தாத சார்ட்டில் அது தொண்ணூறு சதவீத வீழ்ச்சியாகத் தெரியும், ஆவரேஜும் ஆர்எஸ்ஐயும் எல்லாம் பிசகிவிடும். உரிமைப் பங்கு வெளியீடு, பெரிய டிவிடெண்ட் நாள் இவற்றிலும் சிறிய அளவில் இதே சிக்கல் உண்டு. விலை சட்டென்று ஒரு படி இறங்கியிருந்தால் முதலில் கம்பனி அறிவிப்புகளைப் பாருங்கள்.

போன வருஷம் எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவன் லீவில் வந்திருந்தான். புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. சீட்டு எடுத்த காசு கையில் இருந்தது. போனை நீட்டினான்.

"அண்ணே, குரூப்ல போட்டிருக்காங்க. இருபத்தெட்டு வரைக்கும் போகுமாம். இப்ப பத்தொன்பதுதான். வாங்கலாமாண்ணே?"

சார்ட்டைத் திறந்து காட்டினேன். பல மாதம் பன்னிரண்டு, பதின்மூன்றில் அசையாமல் கிடந்த பங்கு.

"மெசேஜ் எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமைக்குக் கீழே இருக்கிற தூணைப் பாரு. அதுக்கு முந்தின ரெண்டு வாரத்துத் தூண்களையும் பாரு. எது உயரம்?"

"முந்தினது."

"அப்போ பதின்மூணுக்கு வாங்கினவங்க இப்ப யாருக்கு விக்கணும்?"

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்களுக்குத்தான்" என்றான்.

குறுகிய காலத்துக்கு வாங்குகிறவர்களுக்கு சார்ட் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்து எங்கே போகும் என்பதைவிட, ஏற்கெனவே யார் எந்த விலையில் உள்ளே வந்துவிட்டார்கள் என்பதை அது தெளிவாகக் காட்டும். நீண்ட நாள் படுத்துக் கிடந்த விலை, அடிமட்டத்தில் திடீரென்று உயர்ந்த வால்யூம், நாற்பது ஐம்பது சதவீதம் ஏறிய பிறகு வருகிற குரூப் மெசேஜ், அந்த உயரத்தில் மேல் வால் நீண்ட கேண்டில்கள், புது உச்சம் போகும்போதும் குறைந்துகொண்டே வரும் வால்யூம். இந்த வரிசையை ஒரு தடவை பார்த்துப் பழகிவிட்டால் மறக்காது. வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்களில் வரும் ஒவ்வொரு பெயரையும் இப்படிப் பின்னோக்கிப் பார்க்கச் சொல்லி அந்தத் தம்பிக்குப் பழக்கினேன். இப்போது அவனே எனக்குச் சார்ட்டுகளை அனுப்புகிறான்.

கணிப்பை எழுதி வைப்பது அடுத்த பழக்கம். "ஏறும்" என்று எழுதுவதில் பயன் இல்லை. "19.50க்கு மேல் சராசரியைவிட அதிக வால்யூமோடு மூடினால் 21.80 வரை இடம் இருக்கிறது, 18.60க்குக் கீழே மூடினால் இந்த எண்ணம் பிழை" என்று திகதியோடு எழுத வேண்டும். இரண்டாவது பாதிதான் முக்கியமானது. காசு உள்ளே போன பிறகு அந்த எண்ணை யாராலும் நேர்மையாகத் தீர்மானிக்க முடியாது. புதிதாக வருகிறவர்கள் சில மாதம் காசு போடாமல் இப்படிக் காகிதத்தில் மட்டும் செய்து, ஒவ்வொரு தடவையும் 2.24 சதவீதத்தைக் கழித்துக் கணக்குப் பாருங்கள். சரியான கணிப்புகள் பல, கட்டணம் கழித்ததும் நட்டப் பக்கத்துக்குப் போவதைக் கண்ணால் காணலாம்.

எவ்வளவு வாங்குவது என்பதையும் அந்த 18.60 தான் தீர்மானிக்கும். கையில் இருக்கும் முதலீட்டுக் காசு இரண்டு லட்சம் என்றும், ஒரு தடவையில் இரண்டு சதவீதத்துக்கு, அதாவது 4,000 ரூபாய்க்கு, மேல் இழக்கக் கூடாது என்றும் வைத்துக்கொள்வோம். 20.00க்கு வாங்கி 18.60இல் வெளியே வந்தால் பங்குக்கு 1.40 போகும், இரண்டு பக்கக் கட்டணம் சுமார் 43 சதம். மொத்தம் 1.83. நாலாயிரத்தை அதால் வகுத்தால் 2,185 வரும். 2,100 பங்கு வாங்கலாம், சுமார் 42,000 ரூபாய். இரண்டு லட்சம் கையில் இருக்கும்போது நாற்பத்திரண்டாயிரத்துக்கு மட்டும் வாங்குவது பலருக்குப் பொறுக்காது.

ஆனால் 18.60இல் வெளியே வர முடியும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. புதுவருஷ விடுமுறைக்குப் பிறகு 18 முதல் 22 வரை சந்தையையே மூடி வைத்தார்கள். 25ஆம் திகதி திறந்ததும் 20 பெரிய கம்பனிகளின் எஸ் அண்ட் பி எஸ்எல்20 சுட்டெண் 5 சதவீதம் விழுந்ததும் வர்த்தகத்தை நிறுத்தினார்கள், பிறகும் விழுந்து 10 சதவீதத்தைத் தாண்டியதும் அன்றைக்கு மூடிவிட்டார்கள். விற்க நினைத்தவர்கள் நினைத்தபடியே இருந்தார்கள். 2020இல் கொரோனாவுக்கு மூடி மே 11இல் திறந்த நாளிலும் இதேதான். மறுபக்கமும் நடந்திருக்கிறது: 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்காக ஜூன் கடைசியில் விடுமுறைகளைச் சேர்த்து ஐந்து நாள் மூடி ஜூலை 4இல் திறந்தபோது வங்கிப் பங்குகள் துள்ளி ஏறின. இரண்டையும் எந்தச் சார்ட்டும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாட்டையே பாதிக்கும் முடிவு ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தால், தேர்தல், பட்ஜெட், நீண்ட விடுமுறை எதுவானாலும், கையிலிருக்கும் குறுகிய காலப் பங்கைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். ஏற்றத்தில் பாதி போனாலும் தூக்கம் கெடாது.

இதனால்தான் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசைக் கொண்டு வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்கிறேன். முப்பது வருஷம் கொழுந்து பறித்த அத்தை ஒருவர் "நீ பாக்குறதோட சேர்த்து இதையும் பாருய்யா" என்று கேட்டார். அந்தக் காசில் மகளின் வீட்டுக்குக் கூரை போட வேண்டும், அவருக்கு மருந்து வாங்க வேண்டும். சந்தை ஒரு வாரம் மூடிக் கிடந்தால் காத்திருக்க முடியாத காசு அது. நிலையான வைப்புக்கும் திறைசேரி உண்டியலுக்கும் வித்தியாசத்தை விளக்கி, அவரைப் பேங்குக்குக் கூட்டிப்போய் விட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. சீடிஎஸ் கணக்கை இப்போது போனிலேயே திறக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. ஆர்டர் போடும்போது சந்தை விலைக்கு என்று விட்டுவிடாமல் உங்கள் விலையைக் குறித்தே போடுங்கள். நடமாட்டம் குறைந்த நேரத்தில் விலை குறிக்காத ஆர்டர் மேலே மேலே இருக்கும் விற்பனைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விடும். நீங்கள் குறித்த விலைக்கு அன்றைக்குக் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், மறுநாள் மாலை சார்ட்டைப் பார்த்துவிட்டு மறுபடி போடலாம்.